தலைக்கவசத்துக்குள் இயர்போன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலைக்கவசத்துக்குள் அணிவதற்கென்று இயர்போன் வாங்குவோர் பலர், காதுக்கு வெளியே துருத்தி நிற்கும் வகையை வாங்கிவிட்டு, கவசத்தின் உட்பஞ்சு அழுத்திக் காதுமடல் சிவந்து வலிக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள். காதுக்குழிக்குள் முழுதாக அடங்கும் தட்டையான வகையே இதற்கு ஏற்றது. தொட்டால் இயங்கும் வகையானால், பஞ்சு பட்டதுமே பாட்டு நின்றுபோகும்.

நெடுஞ்சாலை வேகத்தில் கவசத்துக்குள் காற்றிரைச்சல் மட்டுமே 90 டெசிபலைத் தாண்டக்கூடும் என்பதால், அதை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டுவதைவிட, இரைச்சலைத் தடுக்கும் நுரைமுனை கொண்டதை வாங்கி ஒலியைக் குறைத்து வைப்பது செவிக்கு நல்லது. ஆனால் நகர நெரிசலில், பின்னால் வரும் பேருந்தின் ஹாரனை மறைக்கும் எதுவும், என்ன விலையானாலும், வேண்டாம். பிரான்சில் 2015 முதல் வண்டி ஓட்டுகையில் இயர்போனுக்கே தடை. கவசத்தினுள் பொருத்தும் ஒலிபெருக்கிக்கு அனுமதி உண்டு. நம் கடைக்காரர்கள் அதையும் எடுத்துக் காட்டலாமே!

– வாசகர், திருச்சி