பெற்றோர்களுக்கு: ராக்கெட் போட்டியும் மிச்சமான பட்டாசும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. மழை விடுமுறையில் விட்டுப்போன பாடங்களைச் சனிக்கிழமை வகுப்பு வைத்து முடித்து வருகிறோம். காலாண்டுத் தேர்வில் பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருந்தார்கள். கலைத் திருவிழாவிலும் விளையாட்டிலும் பரிசுகள் வாங்கியிருக்கிறார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள். நூலகத்துக்குப் புத்தகங்கள் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

அக்டோபர் தொடக்கத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ராக்கெட் போட்டிக்கு அழைத்துப் போனோம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மைதானத்தில் நடந்தது. சொந்த ஆர்வத்தில் ராக்கெட் செய்கிறவர்கள், கல்லூரி அணிகள், புதிதாகத் தொடங்கிய சிறு நிறுவனங்கள் என்று பலரும் வந்திருந்தார்கள். பள்ளிப் பிரிவுக்குத் தண்ணீர் ராக்கெட், அதாவது காற்றழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி மேலே போவது. உள்ளே வைத்த பச்சை முட்டை உடையாமல் தரையிறங்க வேண்டும் என்பது விதி. நம் பிள்ளைகள் பழைய மழைக்கோட்டை வெட்டி பாராசூட் தைத்திருந்தார்கள். அது மேலே போய் விரிந்து, முட்டை கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. பரிசு வரவில்லை. ஆனால் திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் ஒருவரும் தூங்கவில்லை.

அதற்கு அப்புறம் பள்ளியில் ராக்கெட் பேச்சுதான். 2022 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த ஸ்கைரூட் என்ற தனியார் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் ராக்கெட் பற்றியும், நம் சென்னையில் வளர்ந்த அக்னிகுல் ராக்கெட் நிறுவனம் பற்றியும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல அறிவியல் ஆசிரியர்கள் இரவில் உட்கார்ந்து படிக்கிறார்கள். இதைவிட ஒரு பள்ளிக்கு என்ன வேண்டும்?

இனி இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். போட்டி முடிந்த கையோடு தீபாவளி வந்தது. மழையில் வெடிக்க முடியாமல் போன பட்டாசு பல வீடுகளில் அலமாரியில் இருக்கிறது. அதைப் பிரித்து, மருந்தைக் கொட்டி, ராக்கெட்டை மேலே தள்ளும் 'மோட்டார்' செய்கிற வேலை சில மொட்டை மாடிகளில் நடக்கிறது. போன வாரம் ஒரு ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது காம்பஸுக்குப் பக்கத்தில் காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பட்டாசு மருந்து. முப்பத்தைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பு அது. இன்னொரு மாணவன் விரல் நுனிகளில் கட்டுடன் வந்தான். கேட்டால், டீ கொட்டிவிட்டது என்றான். பொசுங்கிய புருவம் வேறு கதை சொன்னது.

யார் வீட்டுப் பிள்ளை என்று எங்கும் சொல்லப் போவதில்லை. இதைச் செய்கிறவர்கள் நல்ல பிள்ளைகள். ஆர்வம் அதிகமுள்ளவர்கள்தான் செய்கிறார்கள். அந்த முயற்சிகளின் வீடியோவைப் பெற்றோர் சிலர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். பிள்ளை ஏதோ கண்டுபிடிக்கிறான், தடுக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

ராக்கெட் மோட்டாரில் எரிபொருள் கணக்கிட்ட வேகத்தில், அடுக்கடுக்காக எரிய வேண்டும். வெடியில் இருக்கும் மருந்து கண் இமைக்கும் நேரத்தில் மொத்தமாக எரிந்து தீர்வதற்கென்றே கலந்தது. அதைக் குழாயில் இட்டு அடைத்தால் கையில் இருப்பது வெடிகுண்டுதான். பல மருந்துகளுக்குத் தீக்குச்சிகூட வேண்டாம், உரசலே போதும். 2020-இல் காட்டுமன்னார்கோவில் பக்கம் குருங்குடியிலும், 2022-இல் நம் கடலூரை ஒட்டிய எம்.புதூரிலும் பட்டாசு ஆலைகளில் நடந்த வெடிவிபத்துகள் உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே உயிரை விட்டவர்கள் அந்தத் தொழிலில் பழகியவர்கள்.

போட்டியில் பிள்ளைகள் பார்த்தும் மனதில் வாங்காமல் விட்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரி அணி எண்ணிக்கையைச் சொல்லி முடித்துப் பொத்தானை அழுத்தியது. ராக்கெட் அசையவில்லை. ஒருவரும் ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. முதலில் மின் இணைப்பைத் துண்டித்தார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றார்கள். பிறகு பொறுப்பாளர் ஒருவர் மட்டும் போனார். அந்த மோட்டாரையும் மாணவர்கள் நிரப்பவில்லை, அது முறையான அனுமதியோடு தயாராகி வந்தது. அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் 2024 மே 30-இல் பறப்பதற்கு முன் பலமுறை ஒத்திவைத்தார்கள், கடைசி நொடிகளில்கூட நிறுத்தினார்கள். நம் தெருவில் புஸ்ஸென்று போன வெடியை அடுத்த நொடியே குனிந்து பார்க்கிற பிள்ளைக்கு இந்தப் பொறுமையைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. 1950-களில், குறிப்பாக 1957-இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்த பிறகு, அமெரிக்காவில் பையன்கள் உலோகக் குழாயில் மருந்து அடைத்து விரலையும் கண்ணையும் இழந்தார்கள். நெப்ராஸ்காவில் செருப்புக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் என்பவர் அட்டைக் குழாயில் மாதிரி ராக்கெட் செய்தார். அதற்குத் தனியாகத் தயாரித்த சிறிய மோட்டாரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ராக்கெட் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அவரோடு சேர்ந்து, பாதுகாப்பு விதிகளோடு அதை ஒரு பொழுதுபோக்காக வளர்த்தார். ஆர்வத்தை அவர்கள் தடுக்கவில்லை. மருந்தை மட்டும் பிள்ளைகளின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம். இனி பட்டாசு மருந்தோ, தீக்குச்சி மருந்தோ, வேறு எந்த வெடிபொருளோ பள்ளிக்குள் வந்தால், கொண்டுவந்த மாணவரின் பெற்றோர் அன்றே பள்ளிக்கு வர வேண்டும். அந்த மாணவர் ராக்கெட் மன்றத்தில் இந்த ஆண்டு தொடர முடியாது. தெரியாமல் எடுத்து வந்தான் என்ற விளக்கத்தை ஏற்க மாட்டேன். பட்டாசு வீட்டில் பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்றால் அதற்குப் பொறுப்பு பெரியவர்கள்தான். இன்று இரவே அலமாரியைப் பாருங்கள். பிரித்த வெடி, கொட்டிய மருந்து எதுவும் இருந்தால் நீங்களும் கை வைக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். பிள்ளையை அந்தப் பக்கம் விடாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் வீடியோக்களையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள், பார்க்கிற தம்பி தங்கைகள் அதையே செய்து பார்ப்பார்கள்.

ஆசை அடங்காத பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தண்ணீர் ராக்கெட் இருக்கிறது. சோடா பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப், தூரத்தில் நின்று இழுக்க ஒரு கயிறு. நசுங்காத சோடா பாட்டில்களை மட்டும் கொடுத்தனுப்புங்கள், சாதாரணத் தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. சிப்காட் ஆலைகளில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கும் பெற்றோர் யாராவது ஒரு மணி நேரம் வந்து பிள்ளைகளிடம் பேசினால் பெரிய உதவியாக இருக்கும். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

போட்டி நாளன்று விடியற்காலை நான்கு மணிக்கே பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பினீர்கள். கூடவே வந்து மதியச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்ட தாய்மார்களை ஆசிரியர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இது பற்றிப் பேச விரும்புகிறவர்கள் எந்த நாளும் மாலை நான்கு மணிக்கு மேல் என் அறைக்கு வரலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்
கடலூர்