குழந்தை இருக்கை தயாரிப்பவர்களுக்குப் பழைய கார்க்காரர்கள் சார்பில் ஒரு திறந்த மடல்

குழந்தைகளுக்கான கார் இருக்கையை வடிவமைப்பவர்களுக்கும், அதன் கையேட்டை எழுதுபவர்களுக்கும், எந்தக் காரில் எது பொருந்தும் என்று பட்டியல் போடுபவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் இருக்கைகளை வாங்குகிறவர்களில் ஒரு பெருங்கூட்டம் பழைய கார் வைத்திருக்கிறது. முதல் குழந்தை பிறக்கும் வயதில் பலர் வீட்டில் நிற்பது இரண்டு மூன்று கை மாறி வந்த கார்தான். பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் தாத்தா பாட்டியின் காரும் அப்படித்தான். இந்தக் கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலும் இருக்காது. மோதலில் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் பகுதிகளும் புதிய கார்களின் அளவுக்கு இருக்காது. உங்கள் இருக்கை அதிகமாக உழைக்க வேண்டிய இடமே இதுதான். ஆனால் உங்கள் பெட்டி, விளம்பரம், கையேடு மூன்றையும் பார்த்தால் இப்படி ஒரு கூட்டம் இருப்பதே உங்கள் நினைவில் இல்லாதது போலத் தெரிகிறது.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஐசோஃபிக்ஸ் கம்பிகள், அதாவது குழந்தை இருக்கையை பெல்ட் இல்லாமல் நேராகக் கவ்வ வைக்கப் பின்சீட்டில் பதித்திருக்கும் கம்பிகள், இல்லாத காரில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அப்புறம் உறவினர்களும் நண்பர்களும் தங்கள் காரில் சீட் மாட்டிக் கொடுக்கச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். உங்கள் கையேடுகளைப் பின்சீட்டில் விரித்து வைத்து வரிவரியாகப் படித்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: சீட் பெல்ட்டால் மாட்டும் முறையையும் ஐசோஃபிக்ஸுக்குச் சமமான முறையாக நடத்துங்கள். படத்திலும், சொல்லிலும், வடிவமைப்பிலும்.

ஐசோஃபிக்ஸ் தரம் வெளியானது 1999-ல். அமெரிக்காவில் புதிய கார்களில் இந்தக் கீழ்க் கம்பிகள் கட்டாயமானது 2002 செப்டம்பரில். அதற்கு முன்னால் வந்த கார்களில் பெரும்பாலானவற்றில் பெல்ட் மட்டும்தான் வழி. இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டை நில்ஸ் போலின் வோல்வோவுக்காக உருவாக்கியது 1959-ல். விண்வெளி வீரர்கள் சாய்ந்து அமரும் இருக்கையைப் பார்த்து, பின்நோக்கிய குழந்தை இருக்கைக்கு ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் அடித்தளம் போட்டது 1960களில். ஐசோஃபிக்ஸ் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது பெல்ட்தான். மாட்டும்போது நேரும் தவறுகளைக் குறைக்கத்தான் ஐசோஃபிக்ஸ் வந்தது. பெல்ட்டுக்கு வலு போதவில்லை என்பதற்காக வரவில்லை. இது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்கக் கையேடுகளில் குழந்தையும் இருக்கையும் சேர்ந்து 65 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 29 கிலோ ஆனதும் கீழ்க் கம்பிகளை விட்டுவிட்டு பெல்ட்டுக்கு மாறச் சொல்வதும் நீங்கள்தான். புதிய கார் வாங்கியவர்களும் ஒரு நாள் பெல்ட்டுக்கு வந்தே ஆக வேண்டும்.

இந்த உண்மையைப் பெட்டியின் முன்பக்கத்தில் போடாததால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். கடையில் நிற்கும் தகப்பன் பெட்டியில் ஐசோஃபிக்ஸ் படத்தையும், சரியாக மாட்டியதும் பச்சை நிறத்துக்கு மாறும் அடையாளத்தையும் பார்க்கிறார். தன் காரில் அது இல்லை. 'நம்ம வண்டிக்கு இதெல்லாம் ஆகாது' என்று திரும்பிவிடுகிறார். குழந்தை மறுபடியும் அம்மா மடியில். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதினால் பத்துக் கிலோ குழந்தை நூற்றுக்கணக்கான கிலோ விசையோடு முன்னால் பாயும். அதைப் பிடித்து நிறுத்தும் கை யாருக்கும் இல்லை. இன்னொருவர், ஐசோஃபிக்ஸால் மட்டுமே மாட்டக்கூடிய இருக்கையைத் தெரியாமல் வாங்கிப் போய், பெல்ட்டை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் கண்ட இடைவெளியில் நுழைக்கிறார். வேறு சிலர் எங்கோ வாங்கிய இரும்புக் கம்பியைப் பின்சீட்டுக்கு அடியில் போல்ட் போட்டு முறுக்கி, ஐசோஃபிக்ஸ் வந்துவிட்டதாக நம்புகிறார்கள். காரைத் தயாரித்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாத கம்பி மோதலில் எதைத் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மூவருக்கும் பெட்டியின் மேலேயே ஒரு வரி போதும்: 'இது சீட் பெல்ட்டாலும் மாட்டலாம்' அல்லது 'இது ஐசோஃபிக்ஸ் இருந்தால் மட்டும்'. பெரிய எழுத்தில், தமிழோ வேறு மொழியோ, வாங்குபவர் படிக்கும் மொழியில்.

இனி பழைய கார் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். கையேட்டில் பெல்ட் என்று ஒரே படம் போட்டு முடித்துவிடுகிறீர்கள். ஆனால் பின்சீட்டில் இருப்பது பல வகை.

முதலில், பெல்ட்டைச் சுருட்டி வைக்கும் ரீல். மெதுவாக, முடியும்வரை வெளியே இழுத்துவிட்டு, பிறகு உள்ளே விட வேண்டும். உள்ளே போகும்போது 'டிக் டிக்' என்று பல்சக்கரம் போலச் சத்தம் கேட்டு, மறுபடி இழுத்தால் வராமல் நின்றால், அது பூட்டிக்கொள்ளும் ரீல். அதை வைத்துக் குழந்தை இருக்கையை இறுக்கிக் கட்டலாம். சத்தம் வராமல் வழவழவென்று போய் வந்தால், அது திடீர் பிரேக்கிலோ மோதலிலோதான் பூட்டும். பெரியவர்களுக்கு அது போதும். குழந்தை இருக்கையை மாட்டினால் ஒவ்வொரு வளைவிலும் மெல்ல மெல்லத் தளரும். காலையில் இறுக்கிக் கட்டியது மாலையில் ஆடும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்துதான் குழந்தை இருக்கைக்காகப் பூட்டும் பெல்ட் கட்டாயம். மற்ற நாட்டுக் கார்கள் பலவற்றில் இன்றும் பூட்டாத ரீல்தான். இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். ஆனால் அந்த அரை நிமிடத்தைக் கற்றுத்தரும் பக்கம் பல கையேடுகளில் இல்லை.

பூட்டாத ரீலுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, இருக்கையிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப். மற்றொன்று, எச் வடிவத்தில் ஒரு சிறிய உலோகக் கிளிப். பக்கிளுக்குள் செருகும் நாக்கிலிருந்து ஏறக்குறைய இரண்டரை செ.மீ. தள்ளி, பெல்ட்டின் இடுப்புப் பகுதியையும் தோள் பகுதியையும் சேர்த்து அதில் கோக்க வேண்டும். முதல் முறை மாட்டும்போது விரல் நோகும். நாக்கைக் கழற்றி, கிளிப்பைக் கோத்து, மறுபடி செருகும்போது பெல்ட் ஒரு விரற்கடை தளர்ந்திருக்கும். மறுபடி கழற்ற வேண்டும். இந்தக் கிளிப் எல்லாப் பெட்டியிலும் இருப்பதில்லை. உங்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: பெல்ட்டால் மாட்டலாம் என்று விற்கும் ஒவ்வொரு இருக்கையிலும் கிளாம்ப் வையுங்கள். விலை உயர்ந்த மாடலுக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். விலை உயர்ந்த இருக்கையை வாங்க முடிந்தவர் காரையும் மாற்றியிருப்பார்.

அடுத்தது பக்கிள். பழைய கார்கள் பலவற்றில் பக்கிள் நீளமான துணிப்பட்டையின் நுனியில் இருக்கும். குழந்தை இருக்கையை வைத்து பெல்ட்டைப் போட்டு இறுக்கினால், பக்கிள் மேலே ஏறி வந்து, இருக்கையின் பிளாஸ்டிக் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். கையால் தொட்டால் இறுக்கமாகத் தெரியும். ஆனால் விளிம்பில் வளைந்து நிற்கும் பக்கிள் மோதலின் விசையைப் பக்கவாட்டில் வாங்கினால் உடையலாம், திறந்துகொள்ளவும் செய்யலாம். பெல்ட் போகும் பாதையில் இருக்கையைத் தொட்டுக்கொண்டிருப்பது துணியாக இருக்க வேண்டும், பக்கிள் தொடக் கூடாது. பக்கிள் பட்டையை முறுக்கிச் சற்றுக் குட்டையாக்கச் சில தயாரிப்பாளர்கள், அதிகபட்சம் மூன்று சுற்று என்று, அனுமதிக்கிறார்கள். சிலர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். பலர் எதுவுமே சொல்வதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், நாங்கள் வேறு இடத்தில் மாட்டிப் பார்ப்போம். ஒன்றும் சொல்லாமல் விட்டால், மாட்டுபவர் தன் ஊகத்தில் குழந்தையை உட்கார வைக்கிறார்.

பின்சீட்டின் நடு இடம் இன்னொரு சிக்கல். இரண்டு கதவுகளிலிருந்தும் தள்ளி இருப்பதால் அதுவே நல்ல இடம் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பழைய காரில் அங்கே இடுப்புப் பட்டை மட்டும்தான் இருக்கும். தனக்கென்று ஐந்து முனைப் பட்டை உள்ள சில இருக்கைகளை, கையேடு அனுமதித்தால், அங்கே மாட்டலாம். ஆனால் பூஸ்டரை, அதாவது பிள்ளையை உயர்த்தி உட்காரவைத்து கார் பெல்ட்டையே போட வைக்கும் இருக்கையை, அங்கே ஒருபோதும் வைக்கக் கூடாது. மேலுடம்பைப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் பிள்ளை முன்னால் மடங்கும், பட்டை வயிற்றை அழுத்தும். 'மூன்று முனை பெல்ட் தேவை' என்று சின்ன எழுத்தில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏன் என்று இரண்டு வரி சேருங்கள். காரணம் தெரிந்தால் யாரும் அதை மீற மாட்டார்கள்.

அடுத்தது மேற்பட்டை, அதாவது இருக்கையின் மேல்பகுதியிலிருந்து பின்னால் போய் காரில் மாட்டும் டாப் டெதர். முன்நோக்கிய இருக்கையில் தலை முன்னால் போகும் தூரத்தைக் குறைப்பது இதுதான். ஆஸ்திரேலியாவில் 1970களிலிருந்தே இது வழக்கத்தில் இருக்கிறது. பழைய கார்கள் சிலவற்றில் இதற்கான போல்ட் துளை உள்ளே மறைந்திருக்கும். கார் நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டால் உரிய பாகத்தைப் பொருத்தித் தருவார்கள் என்று எந்தக் கையேட்டிலாவது முதல் பக்கங்களில் போட்டிருக்கிறீர்களா? மாறாக, டிக்கியில் சாமான் கட்டும் வளையத்தில் மேற்பட்டையை மாட்டியிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வளையம் பெட்டி உருளாமல் இருக்கப் போட்டது. இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். காரின் தரையில் ஊன்றும் தாங்கு கால் உள்ள இருக்கைகளுக்கும் இதே கதைதான்: காலுக்கு அடியில் மூடி போட்ட சாமான் அறை இருக்கும் காரில் அந்தக் கால் எதையும் தாங்காது.

சீட்டின் சரிவையும் கவனியுங்கள். பழைய காரின் பின்சீட் உள்ளே குழிந்து, பின்பக்கம் நன்றாகச் சரிந்திருக்கும். அங்கே பின்நோக்கிய இருக்கையை வைத்தால் அதிகமாக நிமிர்ந்துவிடும். பிறந்த குழந்தையின் தலை முன்னால் விழுந்து தாடை மார்பில் இடித்தால் மூச்சுக்குழல் அடைபடலாம். சுருட்டிய துண்டு ஒன்றை அடியில் வைக்கச் சிலர் அனுமதிக்கிறீர்கள், சிலர் இல்லை. இங்கேயும் எனக்கு வேண்டியது தெளிவான ஒரு பதில்தான்.

முன்சீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏர்பேக் இருந்து, அதை அணைக்க வழி இல்லாத காரில், பின்நோக்கிய இருக்கை முன்னால் போகவே கூடாது. இதை நீங்கள் நன்றாகவே எழுதுகிறீர்கள். மற்றவற்றையும் இதே அளவு தெளிவாக எழுத உங்களால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

பொருத்தப் பட்டியல் போடுபவர்களிடம் தனியாக ஒன்று. பட்டியலில் எங்கள் கார் இல்லை என்றால் என்ன பொருள்? சோதிக்கவில்லை என்பதா, பொருந்தாது என்பதா? இரண்டுக்கும் நடுவே ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது. 'இந்தக் காரில் சோதிக்கவில்லை. மூன்று முனை பெல்ட் இருந்தால் இந்தப் பக்கத்தில் உள்ளபடி சரிபார்க்கவும்' என்று போடலாமே. 2013-ல் வந்த ஆர்129, அதாவது குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா. விதி, பக்கவாட்டு மோதல் சோதனையையும் 15 மாதம் வரை பின்நோக்கிய பயணத்தையும் கொண்டுவந்தது. பழைய ஆர்44 விதியில் 9 கிலோ ஆனாலே முன்நோக்கித் திருப்பிவிடலாம். அந்தப் புதிய விதி முதலில் ஐசோஃபிக்ஸ் இருக்கைகளுக்குத்தான் இருந்தது. பெல்ட்டால் மாட்டும் இருக்கைகள் பின்னால்தான் அதற்குள் வந்தன. அதாவது, கூடுதல் பாதுகாப்பு தேவைப்பட்ட பழைய கார்கள் சில ஆண்டுகள் காத்திருந்தன. இப்போது அப்படிப்பட்ட பெல்ட் இருக்கைகள் இருக்கின்றன. இருப்பதைச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்ததும் செய்யும் சோதனையைக் கையேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து இருக்கையின் மேலேயே கொண்டுவாருங்கள். ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி, உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்தி, பெல்ட்டின் தோள் பகுதியிலிருந்து தளர்வை இழுத்து எடுக்க வேண்டும். பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பலர் இருக்கையின் உச்சியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆடுகிறதே என்று பயப்படுகிறார்கள். பின்நோக்கிய இருக்கையின் உச்சி கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எங்கே பிடிக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஒரு கை அடையாளம் ஒட்டினால் போதும்.

கையேட்டின் தொடக்கத்தில் பெல்ட்டையே சோதிக்கச் சொல்லி ஒரு பத்தி வேண்டும். ஓரம் பிசிறிய, விறைத்துப்போன, பாதியில் சிக்கிக்கொள்ளும் பெல்ட்டையும், விபத்தில் சிக்கிய காரின் பெல்ட்டையும் மாற்றிவிட்டுத்தான் இருக்கையை மாட்ட வேண்டும். பழைய காரோடு பழைய இருக்கையும் கைமாறி வருவது சகஜம் என்பதால், காலாவதி ஆண்டை அடியில் கவிழ்த்துப் பார்க்கும் இடத்தில் ஒளிக்காமல் பக்கவாட்டில் போடுங்கள். தயாரிப்பு நின்றுபோன மாடல்களின் கையேடுகளையும் உங்கள் இணையதளத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். இருக்கை உழைக்கும் ஆண்டுகள் முடியும்வரை அதைத் தேடி யாராவது வருவார்கள்.

அடுத்த மாடலைச் சோதிக்கும்போது ஐசோஃபிக்ஸ் இல்லாத கார்கள் சிலவற்றையும் வரவழையுங்கள். உங்கள் பொறியாளர்களை விட்டுவிட்டு, இருக்கையை இதற்கு முன் பார்த்தே இராத ஒரு அம்மாவிடமோ தாத்தாவிடமோ கையேட்டைக் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். அவர்கள் எந்தப் பக்கத்தில் தடுமாறுகிறார்களோ அந்தப் பக்கத்தைத் திருத்திய பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய காரில் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய்