‘ஓட்டுநர் தப்பி ஓட்டம்’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விபத்துச் செய்தி என்றால் கடைசி வரியை முதலில் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் ‘ஓட்டுநர் தப்பி ஓட்டம்’ என்றிருக்கும். 26 வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். போன தை மாதம் அந்த வரிக்குரிய ஆளாக நானே ஆகியிருப்பேன்.

பெரம்பலூர் தாண்டி விழுப்புரம் போகிற நான்கு வழிச் சாலை. சர்வீஸ் ரோடு முழுக்க மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். அதற்கு ஒதுங்கி மெயின் ரோட்டில் ஏறிய மொபெட்டை என் காரின் இடது முன்பக்கம் தட்டிவிட்டது. பின்சீட்டில் இருந்த சவாரிக்காரர், “நிறுத்தாதீங்கண்ணே, கூட்டம் கூடினா அடிச்சே கொன்னுடுவாங்க” என்றார். கெட்டவர் இல்லை, பயம். எனக்கும்தான். நூறடி தள்ளிப் போய்த்தான் நிறுத்தினேன். அந்த நூறடியை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

திரும்பி ஓடினேன். அறுபதைத் தாண்டிய பெரியவர். கால் ஒரு மாதிரி மடங்கிக் கிடக்கிறது, அவரோ “தூக்குவாளி எங்கப்பா?” என்று தேடுகிறார். மோர்ச்சோறு தார் மேல் கொட்டிக் கிடந்தது. 108-ஐக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பிடரியில் ஓர் அறை விழுந்தது. வாங்கிக்கொண்டேன். பெரியவரைத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்கப் பார்த்தவர்களைத் தடுப்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

எல்.எல்.ஆர். தேர்வில் இதற்கென்றே ஒரு கேள்வி உண்டு. காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழிசெய்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்பது விடை. பொத்தானை அமுக்கிப் பாஸாகி மறந்துவிடுகிறோம். அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. கூட்டத்தின் ஆவேசத்தால் அங்கே நிற்க முடியாத நிலையையும் அதே பிரிவு ஒத்துக்கொள்கிறது. ஆனால் ஏன் உதவ முடியவில்லை என்பதையும் சேர்த்து ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். அடி விழும் என்று பயந்தால் போக வேண்டிய இடம் வீடு இல்லை, ஸ்டேஷன். இது தெரிந்த டிரைவர்கள் எங்கள் ஸ்டாண்டிலேயே இரண்டு பேர்தான்.

அப்புறம், “பத்தாயிரம் கொடுத்துப் பேசி முடிச்சுக்க” என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். எனக்கு லாபம்தான். ஆனால் எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டால், கொஞ்ச நாள் கழித்து அந்தக் கால் மறுபடி தகராறு செய்யும்போது பெரியவர் எதை வைத்து இழப்பீடு கேட்பார்? அதற்குத்தானே வருடா வருடம் இன்சூரன்ஸ் கட்டுகிறோம்? இரண்டு வண்டியும் நின்ற நிலையில் போட்டோ எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே எழுதிக் கொடுத்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும் வரை கார் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது. மூன்று நாள் சவாரி போச்சு, சரி.

ஆம்புலன்ஸ் வரும் வரை தன் துண்டால் பெரியவரின் காலைக் கட்டிப் பிடித்திருந்த பையன், அது வந்ததும் “கோர்ட்டுக்கு அலைய முடியாதுண்ணே” என்று நழுவிவிட்டான். உதவுகிறவர் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தை ஒட்டிய 2020 விதிகளிலேயே வந்துவிட்டது. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதும் அங்கே கூடியிருந்த முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. விபத்து நடந்த இடத்தில் ரோட்டில் கல்லும் வேப்பங்கொப்பும் வைக்கிறோம். நல்லதுதான். வண்டியை எடுத்ததும் கல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறோமே, இருட்டியதும் அடுத்த மொபெட் அதில்தான் ஏறும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடித்துவிட்டு ஓடியவனும், அடிக்குப் பயந்து நேராக ஸ்டேஷனில் போய் நின்றவனும் செய்தியில் ஒன்றாகவே வருகிறார்கள். அந்தக் கடைசி வரியை எழுதுமுன் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள், ஐயா.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
பெரம்பலூர்.