ஆற்றங்கரைக்கு வருமுன் பின்சந்துக்குப் போங்கள்

நற்பணிச் செயற்குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் சிங்கப்பூரின் காலாங் ஆற்றங்கரையில் கூடி, ஒரே நிறச் சட்டையில் படம் எடுத்து, பத்து மணிக்குள் பை பையாய்க் குப்பை பொறுக்கி, பசியாறிவிட்டுக் கலைகிற துப்புரவு நிகழ்ச்சியை இந்த ஆண்டு நடத்தாதீர்கள் என்று கேட்கவே இம்மடல். ஆட்கள் அதே ஆட்களாக இருக்கட்டும். இடத்தையும் முறையையும் மாற்றுங்கள்.

காரணம் எளிது. சிங்கப்பூரில் கழிவுநீருக்கு ஒரு வழி, மழைநீருக்கு வேறு வழி. குளியலறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் நிலத்தடிக் குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகின்றன. லோங்காங்கில், அதாவது தெருவோர மழைநீர் வடிகாலில், விழுவது அங்கே போகாது. கால்வாய், ஆறு, நீர்த்தேக்கம் என்று நேரே போய்விடும். தேக்கா கடைத்தெருவின் பின்சந்தில் கவிழ்க்கும் ஒரு வாளி எண்ணெய்த் தண்ணீர் ரோச்சோர் கால்வாய் வழியாக முன்பெல்லாம் கடலில் கலந்தது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் நாம் குடிநீர் எடுக்கும் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது.

1977இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆறு, காலாங் படுகைத் துப்புரவு பத்தாண்டு நடந்தது. பன்றிப் பண்ணைகள் போயின. தெருக்கடைகள் உணவங்காடி நிலையங்களுக்குள் போயின. சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. அரசாங்கத்தால் மட்டுமே ஆகிற வேலை அது. இன்று மிஞ்சியிருப்பது சில்லறை அழுக்கு. பக்கத்துக் கடைக்காரரை அண்ணே என்று கூப்பிடக்கூடியவர்களால்தான் அதற்கு ஒரு வழி பண்ண முடியும்.

ஆகவே, உங்கள் வட்டாரத்தில் கால்வாய்க்குள் திறக்கிற ஒரே ஒரு வடிகால் வாயைத் தேர்ந்தெடுங்கள். மழை பெய்து இரண்டு நாள் ஆனபின், அங்கிருந்து மேல்நோக்கி முந்நூறு மீட்டர் நடங்கள். ஆறு பேர் போதும். மழையில்லாத நாளில் ஓடும் தண்ணீர் பெரும்பாலும் எங்கிருந்தோ யாரோ விடும் தண்ணீர், அதுதான் துப்பு. கிளை பிரியும் இடத்தில் எந்தக் கிளை ஈரமாக இருக்கிறதோ அதைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு கம்பி மூடியையும் படமெடுத்து எண் போட்டுக்கொள்ளுங்கள். கழுவுமிடங்களுக்குக் கூரை இருக்கிறதா என்று பாருங்கள். கழிவுநீர்க் குழாயோடு இணைத்த கழுவுமிடத்துக்கு மழைநீர் புகாதபடி கூரை போட்டிருப்பார்கள். திறந்தவெளியில் குப்பைத்தொட்டி கழுவினால் அது அநேகமாக ஆற்றுக்குத்தான்.

நீங்கள் அதிகம் பார்க்கப்போவது அண்டா. பிரியாணி அண்டாவில் சுடுநீரும் சோப்பும் ஊற்றித் தேய்த்தால் எண்ணெய் மறைந்துவிட்டதுபோல் தெரியும். அது மறையவில்லை, நுண்துளிகளாக உடைந்து தண்ணீரோடு போகிறது. வடிகாலில் சூடு ஆறியதும் சுவரில் ஒட்டும். அதில் சோறும் மணலும் உதிர்ந்த இலையும் பிடித்து, சில வாரத்தில் வெள்ளைக் கட்டியாக இறுகும். அடுத்த பெருமழை அதைப் பெயர்த்துக் கால்வாயில் சேர்க்கும். இதற்கு வேண்டியது ஒரு ரப்பர் வழிப்பானும் பழைய செய்தித்தாளும்தான். தண்ணீர் படுமுன் வழித்து, தாளால் துடைத்து, தாளைக் குப்பையில் போட வேண்டும். மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டு, காலி எண்ணெய் டின்னில் ஊற்றி, பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுக்கலாம். அதற்குக் காசும் கிடைக்கும். இதை முதலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். இரவில் பாத்திரம் கழுவும் தம்பியிடம், அவர் மொழியில், மதியக் கூட்டம் ஓய்ந்த மூன்று மணிவாக்கில் செய்து காட்டுங்கள். துண்டறிக்கை எதற்கும் உதவாது. அதுவும் வடிகாலில்தான் கிடக்கும்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களுக்கும் ஒரு வார்த்தை. குவளைகளைப் பொறுக்கிவிடுகிறோம், சரி. மாலையின் பூ அழுகிப்போகும், நைலான் நூல் போகாது. மீன்பிடிப்போர் அறுத்துவிடும் தூண்டில் நரம்பைப் போலவே அது நீர்நாயின் காலிலும் நாரையின் அலகிலும் சுற்றும். வாழைநார் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் ஆனபின் கரைக்கு வரலாம். முதலில் கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் அனுமதி பெறுங்கள். கால்வாய்க்குள் யாரும் இறங்க வேண்டாம். தரையில் படிந்த பாசி வழுக்கும் என்பது சின்னக் காரணம். நீங்கள் நிற்குமிடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை கான்கிரீட் வழியாகச் சில நிமிடங்களில் வந்துவிடும் என்பதே பெரிய காரணம். காலாங் ஆறு ஊடே ஓடும் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வைத்திருப்பது இதனால்தான். காலை நேரம் பத்திரம் என்றும் நம்பாதீர்கள். சுமத்ரா காற்றுமழை விடியலிலேயே வரும். வானிலையை மட்டும் கவனிக்க ஒருவரை நிறுத்துங்கள். அவர் கையில் இடுக்கி இருக்கக்கூடாது.

ஐந்து பேர் குழுவுக்கு நீள இடுக்கி மூன்று, நீண்ட கைப்பிடி வலை ஒன்று, வாளி இரண்டு, தொங்கு தராசு ஒன்று. பிளாஸ்டிக் பை வேண்டாம், வாளியே போதும். உடைந்த கண்ணாடிக்கும் ஊசிக்கும் தடித்த சோப்புப் போத்தல் ஒன்றைத் தனியே வையுங்கள். துணிக் கையுறை மட்டும் போட்டால் ஈரம் உள்ளே இறங்கும். எலி மூத்திரத்தில் வரும் எலிக்காய்ச்சல் கிருமி சின்ன வெட்டுக்காயம் வழியாகவே ஏறும் என்பதால் உள்ளே ரப்பர் கையுறையும் வேண்டும்.

பையை எண்ணாமல் எடையைக் குறியுங்கள். நனைந்த குப்பை பாதி தண்ணீர்தான். துளையிட்ட வாளியில் பத்து நிமிடம் வடியவிட்டு நிறுங்கள். இலைதழையை வேறாக நிறுக்காவிட்டால், காற்றடித்த மாதத்தில் குப்பை கூடிவிட்டதாகக் கணக்கு பொய் சொல்லும். கடைசி மழை எப்போது பெய்தது என்பதையும் எழுதுங்கள்.

தண்ணீர்ச் சோதனைப் பெட்டி வாங்குகிற குழுக்கள் அடிக்கடி ஏமாறுவது தண்ணீரில் கரைந்த உயிர்வாயுவில் (ஆக்சிஜனில்). பகலில் பாசி உயிர்வாயுவை வெளிவிடும். இரவில் எல்லா உயிர்களும் அதைச் சுவாசித்துத் தீர்க்கும். ஆகவே விடியலில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் காட்டும். 30 பாகை செல்சியஸ் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் இயல்பாகக் கரையும். பிற்பகலில் 10 காட்டினால் கைதட்டாதீர்கள், பாசி மண்டியிருக்கிறது என்று அர்த்தம். மாதா மாதம் ஒரே இடம், ஒரே மணி. முடிந்தால் காலை ஏழு.

கரையில் செடி நடும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். பீஷானில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறப்பதற்கு முன், கரையைப் பிடித்து நிறுத்தும் முறைகளைப் பக்கத்து வடிகால் ஒன்றில் சோதித்துப் பார்த்தார்கள். வேர் பிடிக்குமுன் ஒரு மழை வந்தால் செடியும் மண்ணும் சேர்ந்தே போகும். ஆகாயத்தாமரையையோ வீட்டுத்தொட்டி மீனையோ விடுவது அதைவிடக் கேடு.

முதல் நடைக்கு வரும் மாதத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். அதே வடிகாலுக்குப் பன்னிரண்டு மாதமும் போக முடியாதென்றால் தனியாகத் தொடங்கவே வேண்டாம்; பக்கத்துக் குழுவோடு மாதம் விட்டு மாதம் பகிர்ந்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும். கழுவுவதும் கூரை உள்ள இடத்தில்.

இப்படிக்கு,
நீர்வழிகளில் வேலை செய்யும் தொண்டூழியர்கள் சிலர்