எங்கள் பொதுக்கிணற்றைக் காக்கக் கை கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள ஊர் உறவுகளே,

எங்கள் பொதுக்குடிநீர்க் கிணற்றுக்கான பாதுகாப்புத் திட்டத்தைப் பிரதேச சபை ஏற்றுக்கொண்டுவிட்டது. கிணற்றைச் சுற்றி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, மாதிரி எடுப்பது யார், எண்ணெயோ பூச்சிமருந்தோ எங்காவது கொட்டுப்பட்டால் முதலில் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பதெல்லாம் இப்போது எழுத்தில் இருக்கிறது. வரைபடம் வாசிகசாலைச் சுவரில் மாட்டியாயிற்று. கூட்ட முடிவில் நான் சொன்ன நன்றியுரை ஐந்து நிமிடத்தில் முடிந்துபோனது. செய்யப்பட்ட வேலைக்கு அது போதாது என்று பட்டதால் இந்த மடலை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதனால் யாருடைய பெயரும் இதில் இல்லை. யார் யார் என்று ஊருக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருந்து வாசிக்கும் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கி நிற்கிறது. அதற்கு அடியில் உப்புத் தண்ணீர். அதன்மேல் மிதந்து நிற்கும் நல்ல தண்ணீரைத்தான் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தில் நாங்கள் குடிக்கிறோம். மணல் நிலத்தில் நீர் மெல்ல மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகும். எங்கள் செம்மண்ணோ பல இடங்களில் மிக மெல்லிய படைதான். அதைத் தாண்டிக் கல்வெடிப்புக்குள் போனது, வடிபடாமல் அப்படியே கிணற்றுக்கு வந்து சேரும். மேலே போடும் யூரியாவும், மலசலகூடக் குழியில் இருந்து கசிவதும், கராஜில் சிந்தும் பழைய எண்ணெயும் இந்த ஒரே வழியால்தான் போகின்றன.

அதனால்தான் கிணற்றுக்கட்டை உயர்த்துவதோடும் வலை மூடி போடுவதோடும் நிற்கக்கூடாது என்று முடிவெடுத்தோம். அந்த வேலைகளும் நடந்தன. கட்டைச் சுற்றியிருந்த வெடித்த சீமெந்துத் தளம் புதிதாகப் போடப்பட்டது. கழிவுநீர் ஓடத் தூரத்துக்கு வாய்க்கால் வெட்டப்பட்டது. வாளியும் கயிறும் உள்ளே இறங்காதபடி பம்பும் தொட்டியும் வந்துவிட்டன. இவற்றுக்குக் காசு தந்தவர்களின் விபரம் கணக்கறிக்கையில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால் கிணற்றுக்குள் வரும் தண்ணீர் கிணற்றடியில் பிறப்பதில்லை. அது அயலவர்களின் வளவுக்கும் தோட்டத்துக்கும் கீழே நடந்து வருகிறது. ஆகவே இந்த மடலின் பெரும்பகுதி அந்த நிலங்களின் சொந்தக்காரருக்கு உரியது.

தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் வேலை செய்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அளவு நாடாவின் நுனியில் ஒரு பாரத்தைக் கட்டி, கடைசி இரண்டு முழத்துக்குச் சோக்கட்டியைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். மேலே எடுத்தபோது நனைந்த இடம் வரை சோக்கின் நிறம் மாறியிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துத் தண்ணீரின் ஆழத்தைக் குறித்துக்கொண்டார்கள். அயலில் உள்ள கிணறுகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில், ஒருவரும் இறைக்காத விடியற்காலையில், இதைச் செய்தார்கள். அப்புறம் எங்கள் மேசன்மார் மட்டம் பார்க்கும் ரியூப்போடு வந்து, கிணற்றுக்குக் கிணறு கட்டு எவ்வளவு உயரம் என்று பார்த்துக் கொடுத்தார்கள். இரண்டையும் கழித்துப் பார்த்தபோது நீர்மட்டம் எங்கே உயரம், எங்கே பள்ளம் என்பது தெரிந்தது. கோடைக்கு ஒரு தரம், மழைக்குப் பிறகு ஒரு தரம் என்று மறுபடியும் அளந்தார்கள். சுண்ணாம்புக் கல்லில் திசை மாறலாம், ஒரே அளவை நம்ப வேண்டாம் என்று வற்புறுத்தியதும் அவர்களே. இந்தப் பிள்ளைகளும் மேசன்மாரும் ஒரு சதம் வாங்கவில்லை. விடிய நாலு மணிக்குப் படலையைத் திறந்து, நாயைக் கட்டி, தேத்தண்ணியும் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து நன்றி.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கும் எங்கள் ஊர்த் தங்கை ஒருவர் இரவிரவாக இணையத்தில் எங்களோடு இருந்து வழி காட்டினார். அங்கே வோக்கேர்ட்டன் என்ற சிறிய ஊரில் 2000ஆம் ஆண்டு மே மாதம், பெருமழைக்குப் பிறகு, மாட்டுச் சாணத்தில் இருந்த கிருமி ஊர்க்கிணறு ஒன்றுக்குள் போய்விட்டது. ஏழு பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். அந்தக் கிணறும் எங்களுடையதைப் போல ஆழமில்லாதது, வெடிப்பு விழுந்த பாறையில் இருந்து நீர் எடுத்தது. அதன் பிறகுதான் 2006இல் அந்த மாகாணம் தூய நீர்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பொதுக்கிணற்றைச் சுற்றி முதல் 100 மீற்றர் ஒரு வட்டம், அதற்கு வெளியே நிலத்தடி நீர் இரண்டு வருடத்தில் கிணற்றுக்கு வந்து சேரும் தூரம் வரை இன்னொரு வலயம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விதி வைத்தார்கள். எங்களிடம் அந்த அளவுக்குக் கருவியும் கணக்கும் இல்லை. ஆனால் தூரத்தை மட்டும் பார்க்காமல், தண்ணீர் வந்து சேர எடுக்கும் காலத்தையும் பார்க்க வேண்டும் என்ற அந்த யோசனை எங்கள் வரைபடத்தையே மாற்றிவிட்டது. நாங்கள் கீறிய எல்லை வட்டமாக இல்லை. நீர் வரும் பக்கத்துக்கு நீண்டு கிடக்கிறது. தங்கச்சி, உங்கள் நித்திரையைக் கெடுத்த கடன் எங்களிடம் இருக்கிறது.

அந்த நீண்ட பக்கத்தில்தான் வெங்காயத் தோட்டங்கள் இருக்கின்றன. தோட்டக்காரர்களைப் பற்றி எழுதும்போது எனக்குச் சொற்கள் குறைகின்றன. உரத்தில் இருந்தும் மலக்கழிவில் இருந்தும் தண்ணீரில் கரைந்து வரும் நைத்திரேற்று, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. எங்கள் கிணறு அதைத் தொடும் தூரத்தில் நின்றது. இதற்குத் தோட்டம் மட்டும் காரணமில்லை, மலசலகூடக் குழிகளுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் முதல் கூட்டத்தில் எழும்பி நின்று, "எங்கள் பக்கம் என்ன செய்ய வேணும் என்று சொல்லுங்கோ" என்று கேட்டவர்கள் தோட்டக்காரர்கள்தான். பெருமழைக்கு முன் உரத்தைக் கொட்டாமல், பயிர் கேட்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட ஒத்துக்கொண்டார்கள். மருந்து கலக்குவதையும் தெளிகருவி கழுவுவதையும் கிணற்றடிகளில் இருந்து எடுத்துவிட்டார்கள். மிக அருகில் தோட்டம் வைத்திருந்த ஒருவர் இரண்டு பரப்பு நிலத்தில் வெங்காயம் நடுவதையே விட்டு, மாட்டுக்குப் புல் விதைத்திருக்கிறார். சின்ன வெங்காயம் என்பது ஒரு வீட்டின் பள்ளிக்கூடச் செலவு, நகை அடைவு, கலியாணம் எல்லாம். அதை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தோட்டம் செய்யாதவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நீர் வரும் பாதையில் குழி இருந்த மூன்று வீட்டுக்காரர், அடித்தளம் போட்ட மூடிய தொட்டி கட்டி, வடியும் நீரை வளவின் மற்றப் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அதில் ஒரு வீடு, கணவனை இழந்த ஒரு அக்காவின் வீடு. சீமெந்தை மாதர் சங்கம் கொடுத்தது, கூலியை மேசன்மார் விட்டுக்கொடுத்தார்கள். கராஜ் வைத்திருக்கும் தம்பி தன் செலவிலேயே தளம் போட்டு, விளிம்பும் கட்டி, கழிவு எண்ணெய்க்கு மூடி போட்ட பீப்பா வைத்திருக்கிறார். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் அயல் கிணறுகளில் எண்ணெய் படிந்ததையும், அந்த வழக்கு 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதையும் நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். தீர்ப்பு கிடைத்தாலும் கல்லுக்குள் போன எண்ணெயைத் திருப்பி எடுப்பது லேசான காரியம் இல்லை. இதைக் கூட்டத்தில் எங்களுக்கே விளக்கிச் சொன்னவர் அந்தத் தம்பிதான்.

பாழ்கிணறுகளைத் துப்புரவாக்கிய இளைஞர்களுக்கு என்ன சொல்வது! இடம்பெயர்ந்தவர்களின் வளவுகளில் பற்றை மூடிக் கிடந்த கிணறுகள் வருடக்கணக்காகக் குப்பைக் கிடங்காகவே இருந்தன. மேலே நிலத்தில் கொட்டினால் மண்ணாவது கொஞ்சம் தடுக்கும், கிணற்றுக்குள் கொட்டினால் நேரே நிலத்தடி நீரில் கொட்டுவதுதான். ஒன்றில் இருந்து ரயர்கள், பூச்சிமருந்துப் போத்தல்கள், உரபாக்கில் கட்டிய கோழி இறகு, உடைந்த ரியூப் லைற்றுகள் என்று உழவு இயந்திரப் பெட்டி நிறைய வந்தது. இறங்குவதற்கு முன் காற்றோட்டம் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டி, ஒருவரை மேலே நிறுத்தித்தான் இறங்கினார்கள். அந்த ஒழுங்குக்கும் நன்றி, ஏனென்றால் பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கிடைக்கும் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம். வளவுக்காரரை லண்டனிலும் ரொறன்ரோவிலும் தேடிப் பிடித்து அனுமதி வாங்கியது கிராம அலுவலர்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதிரி எடுக்கும் முறையை எங்களுக்குப் பழக்கினார். குளோரின் போட்டால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மருத்துவமாது கைக்குழந்தை இருக்கும் வீடு வீடாகப் போனார். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று குறையாது, நீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும், ஆகவே ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால்மா கரைப்பதென்றால் வேறு தண்ணீர் எடுங்கள் என்று ஒவ்வொரு தாய்க்கும் இருந்து விளங்கப்படுத்தினார். அது அவரின் கடமைப் பட்டியலில் இருந்ததோ தெரியாது. வெயிலில் சைக்கிளில் வந்தார்.

கூட்டத்தில் எங்களோடு சண்டை பிடித்தவர்களுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். "ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணிக்கு நான் மட்டும் ஏன் நட்டப்பட வேணும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியால்தான் தொட்டியில் நீர் எடுக்கும் ஒவ்வொரு வீடும் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, நிலத்தில் விட்டுக்கொடுத்தவர்களுக்கு ஈடு செய்யும் ஏற்பாடு திட்டத்துக்குள் வந்தது. எனக்குக் கேட்டால், முழுத் திட்டத்திலும் உறுதியான பகுதி அதுதான்.

இன்னும் இரண்டு பாழ்கிணறுகள் மிச்சம் இருக்கின்றன, ஒன்று கோயில் பின் ஒழுங்கையில், மற்றது பழைய சங்கக் கடைக்குப் பக்கத்தில். உரிமையாளர் யாரென்று கிராம அலுவலரின் பதிவிலும் கிடைக்கவில்லை. அவர்களையோ அவர்களின் பிள்ளைகளையோ அறிந்தவர்கள் வாசிகசாலையில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு சொல்லுங்கள். மாரி தொடங்க முன் இரண்டையும் துப்புரவாக்கி மூடிவிட வேண்டும்.

மிக்க நன்றியுடன்,
செயலாளர்,
பொதுக்கிணற்றுக் குழு