மின்களஞ்சியத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

வணக்கம்.

நம் கல்லூரியின் எம்.ஃபில். ஆய்வேடுகள் இப்போது மின்களஞ்சியத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. நூலகத்தின் பெயரில் வந்தாலும், இது பல துறைகள் சேர்ந்து செய்த வேலை.

பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. எம்.ஃபில். ஏடுகள் பலவற்றுக்கு நம் அலமாரியில் உள்ள ஒற்றைப் பிரதியை விட்டால் வேறு கதி இல்லை. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டது. ஊர் ஊராக அலைந்து பாட்டும் பழமொழியும் திரட்டியவர்களின் உழைப்பு கரையானுக்குப் போய்விடுமோ என்று எனக்குப் பெரிய கவலை.

கணினி அறிவியல் துறைக்கு முதல் நன்றி. மின்களஞ்சியத்தை இயக்கும் டிஸ்பேஸ் இலவச மென்பொருள்தான். அதை சர்வரில் ஏற்றி, நின்றுபோனபோதெல்லாம் ஓடவைத்தது உங்கள் லேப் உதவியாளர்கள்.

தமிழ்த்துறை மாணவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். தமிழில் தேடினால் ஒன்றும் சிக்காது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகு வரி வரியாக மூலத்தோடு ஒப்பிட்டீர்கள். கும்மிப் பாட்டு ஏட்டில் ‘வாரேன்’, ‘போறாக’ என்று பாடியவர்கள் சொன்னதை அப்படியே விட்டீர்கள். அதைத் திருத்தியிருந்தால் அந்த ஏட்டின் உயிரே போயிருக்கும்.

கோப்பே இல்லாத ஏடுகளை ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. இறுக்கிக் கட்டியிருந்ததால் உள் ஓரத்து எழுத்துகள் மடிப்புக்குள் போய்விட்டன. நம் பைண்டிங் அண்ணன் தையல் நூலைப் பிரித்துத் தாள்களைத் தனித்தனியாகத் தந்தார்; ஸ்கேன் முடிந்ததும் பழைய துளைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்துக் கொடுத்தார். ஒரு தாள்கூடக் கிழியவில்லை.

ஆய்வாளர்களின் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். ஓய்வு பெற்ற நெறியாளர்கள் தங்கள் பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, ஒப்புதல் கடிதங்களை வாங்கித் தந்தார்கள். முன்பு நூலகத்துக்கு அவ்வளவாக வராத துறைகளிலிருந்துகூட இப்போது, “எங்க ஏடுகளை எப்போ ஏத்துவீங்க?” என்று கேட்கிறார்கள். கேட்கக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

அப்புறம், அடுத்து கல்லூரி ஆண்டு மலர்களை எடுத்திருக்கிறோம். சில ஆண்டுகளின் மலர் நூலகத்திலேயே இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் கொடுத்து உதவுங்கள். ஸ்கேன் செய்து பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.

நன்றியுடன்,
கல்லூரி நூலகர்