உ.வே.சா. சிலைக்கு ஒரு விளக்கப் பலகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் 1948ஆம் ஆண்டு முதல் நிற்கும் உ.வே.சாமிநாதையர் சிலை, எதிரே மெரினாவில் வரிசையாக நிற்கும் சிலைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்கையும் பெறுவதில்லை. கரையான் அரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, ஒரே பாடலுக்குப் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்து, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய அவர், 1903 முதல் 1919 வரை இதே கல்லூரியில்தான் தமிழ் கற்பித்தார். சிலையைப் பெரிதாக்கவோ இடம் மாற்றவோ வேண்டியதில்லை; அந்த எளிமை அவருக்குப் பொருத்தமே. (மாலை போடுவதற்கு மட்டும் நமக்கு ஆள் பஞ்சமில்லை!) காமராசர் சாலையில் நடந்து செல்வோர் நின்று படிக்கும்படி, அவர் பதிப்பித்த நூல்களின் பட்டியலுடன் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு பலகை வைக்க உரியவர்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருவல்லிக்கேணி